முப்பத்து நான்கு டீசல் பேருந்துகள், ஒரே மின்மாற்றி: எங்கள் பல்கலைக்கழகம் மின்சாரத்துக்கு மாறுவது எப்படி?

மைசூருசாலை கேட்டது:

வணக்கம். பெங்களூரில், மைசூரு சாலையில் சல்லகட்டாவைத் தாண்டியிருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். வேதியியல் ஆசிரியருக்குப் பேட்டரி பற்றித் தெரிந்திருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் போக்குவரத்துக் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் 34 டீசல் பேருந்துகள் உள்ளன. அத்திப்பள்ளி, கே.ஆர்.புரம், எலகங்கா, ராஜாஜிநகர், பனசங்கரி எனப் பல திசைகளிலிருந்தும் காலையில் மாணவர்களை ஏற்றி வந்து, எட்டே முக்காலுக்குள் வளாகத்தில் வந்து நிற்கும். மாலை நான்கு இருபதுக்குக் கிளம்பிப் போகும். ஒரு நடை சராசரியாக 35 கிலோமீட்டர். இரவில் பேருந்துகள் வளாகத்துக்குத் திரும்புவதில்லை. ஓட்டுநரின் வீட்டுக்கு அருகில், பெட்ரோல் பங்க் ஓரத்திலோ கோயில் மைதானத்திலோ நின்றுவிட்டு மறுநாள் காலை அங்கிருந்தே புறப்படும். இவை தவிர வளாகத்துக்குள் ஓடும் ஆறு பேட்டரி வண்டிகளும், குப்பையையும் உணவுப் பாத்திரங்களையும் ஏற்றும் மூன்று டீசல் சிறு லாரிகளும், காவலர்களின் நான்கு பைக்குகளும் இருக்கின்றன.

நிர்வாகம் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் அறிக்கை கேட்டது. மூன்று ஆண்டுகளில் எல்லாப் பேருந்துகளையும் 12 மீட்டர் மின்பேருந்துகளாக மாற்ற வேண்டும், முன்வாயிலுக்கு அருகில் 120 கிலோவாட் திறனுள்ள பத்து வேகச் சார்ஜர்கள் நிறுவ வேண்டும், அவற்றை வெளியாருக்கும் திறந்துவிட்டு வருமானம் பார்க்கலாம் என்று வண்ணப் படங்களுடன் எண்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் மின்பராமரிப்பாளர் என்னைத் தனியாக அழைத்து, "சார், நம்ம டிரான்ஸ்ஃபார்மர் இதுக்குத் தாங்காது, நீங்களாவது சொல்லுங்க" என்றார். அவர் காட்டிய கட்டண ரசீதின்படி 11 கிலோவோல்ட் உயரழுத்த இணைப்பில் எங்கள் ஒப்பந்தத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் இழுக்க அனுமதி பெற்ற அளவு, 900 கேவிஏ (கிலோவாட்டுக்கு நெருங்கிய ஓர் அளவு). கடந்த மார்ச் மாதத்தில் பதிவான உச்சத் தேவை 780. ஆய்வகங்களும் குளிர்சாதனங்களும் முழுவீச்சில் ஓடும் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள்தான் அந்த உச்சம் வருகிறது.

எல்லாப் பேருந்துகளையும் மாற்றுவதில் பொருள் இருக்கிறதா, பத்து வேகச் சார்ஜர்கள் உண்மையிலேயே தேவையா, அடுத்த குழுக் கூட்டத்துக்கு நான் எந்தக் கணக்கை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

தங்கவயல் எழுதியது:

ஐயா, பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கடைசி நான்கு ஆண்டுகள் மின்பேருந்துகளோடு கழிந்தன. உங்கள் ஆலோசகர்கள் பேருந்தில் தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் கிலோமீட்டரில் தொடங்குங்கள்.

மின்பேருந்து என்பது வாங்கும்போது பணத்தை விழுங்கி, ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும் வண்டி. ஓடினால்தான் தரும். பிஎம்டிசி போன்ற நகரப் போக்குவரத்தில் ஒரு பேருந்து நாளுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது. உங்கள் பேருந்து ஓடுவதோ 70 கிலோமீட்டர். அதுவும் ஞாயிறு, தசரா விடுமுறை, பருவ விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு 220 நாள் ஓடினால் அதிகம்.

கணக்கை இங்கேயே போட்டுவிடுவோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 70 கிலோமீட்டருக்கு பதினேழரை லிட்டர். டீசலை 90 ரூபாய் என்று வைத்தால் 1,575 ரூபாய். குளிர்சாதனம் இல்லாத 12 மீட்டர் மின்பேருந்து நம் நகர நெரிசலில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். சார்ஜரில் போகும் இழப்பையும் சேர்த்தால் நாளுக்கு 77 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 616 ரூபாய். நாளொன்றுக்கு மிச்சம் சுமார் 960 ரூபாய், ஆண்டுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். எண்ணெய், வடிகட்டி, கிளட்ச் என்று பராமரிப்பில் இன்னொரு லட்சம் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு டீசல் பேருந்து 35 லட்சத்துக்குக் கிடைக்கும்போது, மின்பேருந்துக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்பார்கள். எழுபது லட்சத்தை ஆண்டுக்கு மூன்று லட்சமாக மீட்க வேண்டுமானால், வண்டி இரும்புக்கடைக்குப் போன பிறகும் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அரசு மானியத்தை யாராவது கணக்கில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 14,028 பேருந்துகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அது பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களின் பொதுப் போக்குவரத்து அமைப்புகளுக்கானது. தனியார் கல்லூரிப் பேருந்துக்கு அதில் இடமில்லை. உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது 5 விழுக்காட்டு ஜிஎஸ்டி மட்டுமே. மின்வாகனங்களுக்கு 2019 ஆகஸ்டு முதல் அந்த விகிதம்தான்.

அப்படியானால் டீசலிலேயே கிடப்பதா என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. நகரப் போக்குவரத்துக் கழகங்களே இன்று பெரும்பாலும் மின்பேருந்தை வாங்குவதில்லை; கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கின்றன. 2022 இல் மத்திய அரசு சார்ந்த சிஇஎஸ்எல் நிறுவனம் பெங்களூரு உட்பட ஐந்து நகரங்களுக்காக 5,450 பேருந்துகளுக்குச் சேர்த்துக் கேட்ட ஒப்பந்தப்புள்ளியில், 12 மீட்டர் பேருந்துக்கு வந்த மிகக் குறைந்த விலை கிலோமீட்டருக்கு 43.49 ரூபாய். அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. அதன் பின்னால் நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டமும் பன்னிரண்டு ஆண்டு உறுதியும் இருந்தன. ஆனால் இந்த ஊரில் தகவல்தொழில்நுட்ப அலுவலகங்களுக்கு ஷிப்டு வண்டி ஓட்டும் நிறுவனங்கள் ஏராளம். அவர்களுடைய பேருந்து காலை ஆறரையிலிருந்து எட்டே முக்கால் வரையும், மாலை நாலேகாலிலிருந்து ஆறு வரையும் உங்களுக்கு ஓடட்டும், மற்ற நேரத்தில் அலுவலகங்களுக்கு ஓடட்டும். 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கையின்படி பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு பெர்மிட் தேவையில்லை என்பதால், ஒரே வண்டியை இரண்டு வேலைக்கு விடுவதில் பழைய தொல்லைகள் குறைவு. கிலோமீட்டர் கூடினால் அவர்களுக்கும் கட்டுப்படியாகும், உங்களுக்கும் வாடகை இறங்கும்.

இரண்டாவது வழி இன்னும் எளியது. நீங்கள் சல்லகட்டாவைத் தாண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். மெட்ரோவின் ஊதாத் தடம் 2023 அக்டோபரிலேயே சல்லகட்டா வரை வந்துவிட்டது. கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு பேருந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு, தலைக்கு மேலே மெட்ரோ போவதைப் பார்த்தபடி நெரிசலில் இரண்டு மணிநேரம் எதற்காக வர வேண்டும்? நிலையத்திலிருந்து வளாகத்துக்கு 9 மீட்டர் மின்பேருந்துகளை விடுங்கள். குறுகிய தடம், நிறைய நடை. மின்வண்டிக்கு ஏற்ற வேலை அது.

எங்கள் கோலார் தங்கவயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் பதிவை முடிக்க முடியாது. 1902 இல் சிவனசமுத்திரத்து மின்சாரம் முதலில் வந்தது பெங்களூருக்கு அல்ல, எங்கள் சுரங்கத்துக்கு. நகரத்துக்கு விளக்கு 1905 இல்தான் எரிந்தது. வாங்குகிறவர் எவ்வளவு வாங்குவார் என்பது ஒப்பந்தமான பிறகே அந்த நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்தார்கள். உங்கள் ஆலோசகர்கள் கம்பியை முதலில் இழுக்கச் சொல்கிறார்கள்.

---

உயரழுத்தம் எழுதியது:

கட்டடங்களுக்கு உயரழுத்த மின்னிணைப்பு அமைத்துத் தரும் பொறியாளர் நான், அல்சூரில் இருக்கிறேன். தங்கவயல் ஐயா பணத்தைச் சொல்லிவிட்டார். நான் மின்மாற்றியின் பக்கம் நின்று பேசுகிறேன். உங்கள் மின்பராமரிப்பாளர் சொன்னது சரி.

பத்துச் சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 120 கிலோவாட் என்றால் 1,200 கிலோவாட். உங்கள் பல்கலைக்கழகம் முழுவதும் மார்ச் மாத வெயிலில் இழுக்கும் மின்சாரத்தை விட இது அதிகம். ஒப்பந்தத் தேவையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தி, புதிய மின்மாற்றியும் கேபிளும் போட்டு, வண்டி நின்றாலும் ஓடினாலும் மாதந்தோறும் தேவைக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். உயர்த்தாமல் விட்டாலோ, மாதத்தில் ஒரே ஒரு நாள் சிறிது நேரம் அளவை மீறினாலும் அந்த மாத ரசீதில் அபராத விகிதம் ஏறும். டீசலில் மிச்சமான பணம் இந்த ஒரு வரியிலேயே கரைந்துபோனதை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வேகச் சார்ஜர் யாருக்கு வேண்டும்? நிற்க நேரமில்லாத வண்டிக்கு வேண்டும். உங்கள் பேருந்து எட்டே முக்காலுக்கு வந்து நான்கு இருபது வரை வேப்பமரத்தடியில் சும்மா நிற்கிறது. 77 யூனிட்டை ஏழு மணிநேரத்தில் ஏற்ற 11 கிலோவாட் போதும். முப்பத்து நான்கு பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறினாலும் பகிர்ந்து ஏற்றினால் 374 கிலோவாட்டில் முடிந்துவிடும். எட்டுப் பேருந்துகளோடு தொடங்கினால் 88 கிலோவாட். உங்களிடம் இப்போதே 120 கேவிஏ இடைவெளி இருக்கிறது. ஆகவே எட்டுப் பேருந்துகள் வரை ஒப்பந்தத் தேவையை உயர்த்தக் கேட்டு மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் அலுவலகப் படியேற வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 11 கிலோவாட் போதும் என்று படித்துவிட்டு, வீட்டுக் காருக்குப் போடும் ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜரை வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் விற்கும் பெரிய மின்பேருந்துகளில் பெரும்பாலானவை சிசிஎஸ்2 என்ற வகை இணைப்பு வழியாக டிசி (நேர்திசை) மின்சாரத்தையே ஏற்கும். ஏசியை டிசியாக்கும் கருவி வண்டிக்குள் இருக்காது. எனவே 60 கிலோவாட் டிசி சார்ஜர், இரண்டு துப்பாக்கிகள் (வண்டியில் செருகும் முனைகள்) உள்ளது, நான்கு வாங்குங்கள். எட்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் செருகிவிடலாம். நான்கும் சேர்ந்து 240 கிலோவாட் இழுக்கக்கூடியவை என்றாலும், மொத்தம் 100ஐத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாட்டு மென்பொருளில் வரம்பு வைத்துவிடலாம். பெயர்ப்பலகையில் இருக்கும் கிலோவாட்டும் மீட்டரில் ஏறும் கிலோவாட்டும் வேறு வேறு என்பதை உங்கள் நிதி அலுவலரிடம் எழுதிக் காட்டுங்கள். இதற்கு சார்ஜர்கள் ஓசிபிபி என்ற பொது நெறிமுறையைப் பேச வேண்டும். ஒப்பந்தத்தில் அதை எழுதாமல் விட்டால், விற்றவரின் மென்பொருளுக்கே காலம் முழுவதும் சந்தா கட்டுவீர்கள்.

பகலில் வண்டி நிற்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. சூரியன் இருக்கும் நேரமும் அதுதான். பெங்களூரில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். எட்டுப் பேருந்துகளுக்கு 616 யூனிட் வேண்டும். 154 கிலோவாட் தகடுகள், ஏறக்குறைய 1,500 சதுர மீட்டர் மேல்தளம். இதை விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், காரணம் உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும். உங்கள் பழைய பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 0.67 கிலோ. நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு இன்னும் சுமார் 0.7 கிலோ வெளியாகிறது. இழப்பைச் சேர்த்தால் மின்பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 0.77 வருகிறது. டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாகும் கார்பனை மறுபக்கம் சேர்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம். சாலையில் புகையும் இரைச்சலும் குறைவது உண்மை. மைசூரு சாலையில் பைக்கில் போகிறவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் கரிமக் குறைப்பு என்று எண் போட வேண்டுமானால் அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டியாக வேண்டும். மேல்தளம் போதாவிட்டால், 2022 ஆம் ஆண்டின் பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள் 100 கிலோவாட் தேவை உள்ளவரும் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம் என்று வாசலைத் திறந்திருக்கின்றன. முன்பு அந்த வரம்பு ஒரு மெகாவாட்டாக இருந்தது.

வெளியாருக்குத் திறப்பது பற்றி: உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது, சட்டத் தடை இல்லை. மின்வாகனச் சார்ஜிங்குக்கெனக் கர்நாடக ஒழுங்குமுறை ஆணையம் தனிக் கட்டண விகிதமும் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் வாயிலில் காவலர் அடையாள அட்டை கேட்பார் அல்லவா? அந்த வாயிலைத் தாண்டி சார்ஜ் செய்ய யார் வருவார்? வெளியாருக்கென்றால் மதிலுக்கு வெளியே, தனி இணைப்பில், வேறொருவர் முதலீட்டில் வைக்கட்டும். நீங்கள் இடவாடகை வாங்கிக்கொள்ளுங்கள்.

---

ஒசூர்த்தடம் எழுதியது:

ஒசூர் பக்கமுள்ள ஒரு கல்லூரியில் போக்குவரத்து மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஐந்து மின்பேருந்துகள் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மேலே இருவரும் எழுதியதை மறுக்க எனக்கு எதுவும் இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் நடப்பதை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் சார்ஜர்களை நிறுவியவர்கள் வளாகத்திலேயே தாழ்வான மூலையில் வைத்தார்கள். மின்னறைக்கு அருகில், கேபிள் செலவு குறையும் என்றார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை. முதல் மே மாத மழையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. சார்ஜருக்கு எதுவும் ஆகவில்லை. மின்கசிவுப் பாதுகாப்பு தன் வேலையைச் செய்து இணைப்பைத் துண்டித்தது. ஆனால் துப்பாக்கிகள் சேற்றில் கிடந்தன, மறுநாள் காலை செருகினால் வண்டி ஏற்க மறுத்தது. பல் துலக்கும் தூரிகையை வைத்து ஊசிகளுக்கு நடுவே இருந்த மண்ணை எங்கள் மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்தார். அதன் பிறகு ஒரு அடி உயரத்துக்கு சிமெண்டு மேடை கட்டி, கேபிளை மாட்ட இரும்புக் கொக்கியும், மேலே தகரக் கூரையும் போட்டோம். இந்த மூன்றுக்கும் ஆன செலவு ஒரு பேருந்தின் இரண்டு டயர் விலை.

ஓட்டுநர்களை முதலிலேயே உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கள் மூத்த ஓட்டுநர் ஒருவர் முப்பது ஆண்டுகள் டீசல் ஓட்டியவர். முதல் வாரம் முழுவதும் சார்ஜ் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எனக்குத் தொலைபேசி செய்வார். அவர் பயம் நியாயமானதுதான். டீசல் தீர்ந்தால் கேனில் கொண்டுவந்து ஊற்றலாம், இதற்கு என்ன கொண்டுவருவது? இப்போது புதியவர்களுக்கு அவர்தான் பாடம் எடுக்கிறார். முன்னால் சிக்னலைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டால் வண்டி தானே வேகம் குறைந்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதைப் பழகியவருக்கும் பழகாதவருக்கும் ஒரே தடத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

இரவுத் தங்கல் விஷயத்தில் உங்களுக்குக் கவலை வேண்டாம். 200 யூனிட் பேட்டரியில் நாளுக்கு 70 மட்டுமே செலவாகும் என்றால், கோயில் மைதானத்தில் சார்ஜர் தேட வேண்டியதில்லை. மாறாக, விடுமுறையைக் கவனியுங்கள். பருவத் தேர்வு முடிந்து ஐந்து வாரம் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் பெரிய பேட்டரி அப்படியே இருக்கிறது, விளக்குக்கும் கதவுக்கும் மின்சாரம் தரும் சிறிய 24 வோல்ட் பேட்டரி செத்துக் கிடக்கிறது. கதவே திறக்கவில்லை. இப்போது விடுமுறையில் பெரிய பேட்டரியைப் பாதி அளவில் வைத்து, சிறிய பேட்டரியின் தனிச் சாவியை அணைத்துவிட்டுப் போகிறோம். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து வண்டியைக் கிளப்பி நிறுத்துகிறார்.

உங்கள் வளாகத்துக்குள் ஓடும் ஆறு பேட்டரி வண்டிகள் ஈய-அமில வகையா? அப்படியானால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். தண்ணீர் ஊற்ற மறந்தே பாதி பேட்டரிகள் ஓராண்டில் போயிருக்கும்.

---

மைசூருசாலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒசூர்த்தடம் கேட்டதற்கு: ஆம், ஈய-அமிலம்தான். நேற்று மாலை போய்ப் பார்த்தேன். ஆறில் இரண்டு ஓடவில்லை, மூன்றாவது உணவகத்து மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கித் தள்ளுகிறார்கள். இருப்பதையே ஓட்டாமல் கோடிகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

மெட்ரோ யோசனையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நிலையத்திலிருந்து எங்கள் வாயில் 9 கிலோமீட்டர். ஒரு 9 மீட்டர் பேருந்து நாளுக்கு எட்டு முறை போய் வந்தால் 144 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.8 யூனிட் என்றால் 115 யூனிட். ஒரே சார்ஜில் தாங்காவிட்டாலும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை நடை குறைவு என்பதால் அப்போது ஏற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கிலும் வண்டி தன் விலையை டீசல் மிச்சத்தில் மட்டும் விரைவாக மீட்கவில்லை. ஆனால் ஊதாத் தடத்தை ஒட்டி வரும் ஏழு பெரிய பேருந்துகளுக்கு பதிலாக மூன்று சிறியவை போதும் என்று மாணவர் பட்டியலை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. ஏழு ஓட்டுநர்களில் நால்வரை மற்றத் தடங்களுக்கு மாற்ற முடியும் என்றும் போக்குவரத்து அலுவலகம் சொல்கிறது. மாணவிகளின் பெற்றோர் சிலர் மெட்ரோ மாறுவதை ஏற்பார்களா என்பதுதான் பாக்கி. அதைப் பெற்றோர் கூட்டத்தில் நேராகக் கேட்கப்போகிறேன்.

---

விடுதிவாசி எழுதியது:

உங்கள் பல்கலைக்கழகம் எது என்று தெரியவில்லை, ஆனால் நான் இந்த ஊரில் முதுகலை படிக்கும் மாணவன். பேருந்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிவிட்டீர்கள். ஸ்கூட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் விடுதியில் மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கிவந்து, லேப்டாப்பும் கெட்டிலும் செருகியிருக்கும் அதே நீட்டிப்புப் பலகையில் சொருகிவிட்டுத் தூங்குகிறார்கள். 2022 கோடையில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ்-156ஐ இறுக்கினார்கள். புதிய விதி அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறவர்கள் எங்களில் பலர்.

இதற்கு சார்ஜிங் நிலையம் எதுவும் வேண்டாம். வாகன நிறுத்துமிடத்தில், கூரைக்கு அடியில், மின்கசிவுப் பாதுகாப்புள்ள 16 ஆம்பியர் பிளக்குகள் போதும். ஒரு ஸ்கூட்டர் பெரும்பாலும் முக்கால் கிலோவாட்டுக்கு மேல் இழுக்காது. ஐம்பது வண்டிகள் சேர்ந்தாலும் 40 கிலோவாட்டுக்குள் அடங்கும், இரவு பத்து மணிக்குப் பிறகு போட்டால் உங்கள் மார்ச் மாத உச்சத்தை அது தொடவே தொடாது. அறைக்குள் சார்ஜ் செய்யத் தடை என்று சுற்றறிக்கை ஒட்டுவதற்கு முன்பு இதைச் செய்யச் சொல்லுங்கள்.

---

தங்கவயல் எழுதியது:

மைசூருசாலை ஐயா, கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நிறுத்துமிடத்துக்குப் போய் வாருங்கள். மின்பேருந்தில் சார்ஜ் துளை பெரும்பாலும் பின்பக்கவாட்டில் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறும். உங்கள் ஓட்டுநர்கள் காலையில் மூக்கை மதிலுக்குக் கொடுத்து நிறுத்துகிறார்களா, பின்னால் எடுத்து நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். சார்ஜர் கேபிள் ஐந்து மீட்டருக்குச் சற்று கூடத்தான் இருக்கும், பேருந்தின் நீளம் பன்னிரண்டு. நான் வேலை பார்த்த பணிமனையில் இதை அளக்காமல் மேடை கட்டி, பிறகு எட்டு மேடைகளையும் உடைத்தோம்.

---

மைசூருசாலை எழுதியது:

இன்று காலை அளந்தேன். முப்பத்து நான்கில் முப்பத்தொன்று மூக்கை மதிலுக்குக் கொடுத்துத்தான் நிற்கின்றன. சார்ஜர் மேடையை மதிலோரத்திலிருந்து எடுத்து, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே உள்ள பாதையின் ஓரத்துக்கு மாற்றி வரைபடம் போடும்படி மின்பராமரிப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாதையில் தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதை நாளை அளக்கிறோம்.